அரிய மலைப்பாசி ஒன்றுக்குப் பெயர் உறுதியாக ஓராண்டு: ஸ்காட்லாந்தில் பட்ட பாடு

ஸ்காட்லாந்தின் கிழக்கு உயர்நிலங்களில் நான் கண்ட ஒரு பாசிக்கு (நீரில் மிதப்பதல்ல, ஆங்கிலத்தில் மாஸ் எனப்படும் நிலத் தாவரம்) ஐயமற்ற பெயர் கிடைக்க ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அதற்குள் சுமார் 450 பவுண்டு கையைவிட்டுப் போனது. அதில் பாதிக்கு மேல் வீண் செலவு. பறவைகளைப் பற்றியோ பூச்செடிகளைப் பற்றியோ தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு வழிகாட்ட ஆள் கிடைப்பது எளிது. ஆர்க்டிக் பகுதியிலும் உயர்ந்த மலைமுடிகளிலும் மட்டும் வளரும் பாசிகளைப் பற்றிக் கேட்பதற்கு எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்தவையோ, தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்காக எழுதியவை. எது செய்ய வேண்டும் என்று அவற்றில் இருந்ததே தவிர, எதில் பணத்தைப் போடக் கூடாது என்று இல்லை. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பாசி வளர்ந்த இடத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அதற்கான காரணம் பின்னால் வரும்.

வேலை நிமித்தமாக அபர்டீனில் குடியிருக்கிறேன். பள்ளியில் ஃபியூனேரியா என்ற பாசியின் படம் வரைந்து பாகங்களைக் குறித்ததோடு பாசிகளுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்திருந்தது. இங்கு வந்தபின் மலை ஏறும் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஏறினால் மூச்சு வாங்க உட்கார வேண்டும், உட்கார்ந்தால் கண் தரையைத்தான் பார்க்கும். 900 மீட்டருக்கு மேலே, மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத மேட்டுச் சமவெளியில், தரையை ஆள்வது ரகோமிட்ரியம் லனுஜினோசம் என்னும் சாம்பல் நிறக் கம்பளிப் பாசி. அதனூடே குட்டையான கோரைப் புற்கள் குத்துக்குத்தாக நிற்கும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு நாள், அந்தச் சாம்பல் விரிப்பின் நடுவே உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் கலந்த பச்சைத் திட்டு ஒன்று தென்பட்டது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தண்டும் இலைகளால் நெருங்க மூடப்பட்டு, உருண்டு, புடைத்திருந்தது. இலைகளின் நுனி கூராக இல்லாமல் மழுங்கி, உள்பக்கமாகக் குழிந்து, குல்லாய் கவிழ்ந்தாற்போல் முடிந்தது.

அங்கேயே கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துப் போட்டேன். ஆலகோம்னியம் டர்ஜிடம் என்று, தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட உறுதியோடு, அடுத்த நொடியே பதில் வந்தது. அன்று இரவு அந்தப் பெயரைத் தேடிப் படித்தபோது தூக்கம் போய்விட்டது. பிரித்தானியாவில் இது ஸ்காட்லாந்தின் உயர்ந்த மலைகளில், அதுவும் வெகு சில இடங்களில் மட்டுமே காணப்படும் பாசி. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் டியர்டிராப் என்ற பனியாறு பின்வாங்கியபோது அதன் அடியிலிருந்து வெளிப்பட்ட, ஏறக்குறைய 400 ஆண்டுகள் பனிக்குள் புதைந்து கிடந்த பாசித் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். மீண்டும் துளிர்த்த சில இனங்களில் இதுவும் ஒன்று என்று 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை நான் முழங்காலிட்டுப் பார்த்தேன் என்ற எண்ணமே போதையாக இருந்தது.

செயலிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை கற்றுக்கொண்ட படங்கள் பெரும்பாலும் அந்தப் பாசி மலிந்து கிடக்கும் நாடுகளில் எடுக்கப்பட்டவை. ஸ்வால்பார்டிலும் கிரீன்லாந்திலும் அலாஸ்காவிலும் வட ஸ்காண்டிநேவிய மலைகளிலும் டர்ஜிடம் அரியதே அல்ல. தூந்திரத் தரையில் காலடிதோறும் இருக்கக்கூடியது. ஸ்காட்லாந்துக்கு வரும்போதுதான் அது அரியதாகிறது. ஆனால் ஸ்காட்லாந்தில் தாழ்நிலச் சதுப்பு முதல் மலை உச்சி வரை எங்கும் பரவிக் கிடக்கும் ஒரு நெருங்கிய உறவு அதற்கு உண்டு. அதன் பெயர் ஆலகோம்னியம் பலுஸ்ட்ரே. வழக்கமான பலுஸ்ட்ரேயின் இலை நீண்டு கூர்ந்து, நுனியில் சிறு பற்களோடு இருக்கும். அதை டர்ஜிடம் என்று யாரும் ஏமாற மாட்டார்கள். குளிரும் காற்றும் மிகுந்த இடத்தில் அதே பலுஸ்ட்ரே இம்பிரிகேட்டம் என்று அழைக்கப்படும் ஒரு வடிவத்தை எடுக்கிறது. அப்போது இலைகள் குறுகி, நுனி மழுங்கி, தண்டோடு ஒட்டி, ஓட்டுக் கூரை போல அடுக்காகிவிடும். என் படத்தில் தெரிந்த அத்தனை அடையாளமும் அதற்கும் பொருந்தும். ஓர் அரிய பாசியின் பெயரை உச்சரிப்பதற்கு முன், அதே இடத்தில் வளரக்கூடிய, எங்கும் மலிந்த பாசிகள் எவை, அவற்றின் மலைவடிவம் எப்படி இருக்கும், அவை ஒவ்வொன்றும் ஏன் இது இல்லை என்று எழுதிப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பட்டியலில் மூன்று பெயர் வந்தது. புளூரோசியம் ஷ்ரெபெரி என்பதற்குத் தண்டு சிவப்பு, இலையில் நீண்ட நடுநரம்பு கிடையாது. அது உடனே கழிந்தது. சூடோஸ்கிளெரோபோடியம் புயூரம் என்பதும் புடைத்த தண்டுடையதுதான், ஆனால் இலை நுனியில் பின்னோக்கி வளைந்த சின்ன முனை ஒன்று இருக்கும், அதுவும் கழிந்தது. மிஞ்சியது பலுஸ்ட்ரே. அதைக் கழிக்கத்தான் அந்த ஓராண்டும் 450 பவுண்டும் தேவைப்பட்டன.

படங்களைப் பாசி ஆர்வலர்கள் சிலருக்கு அனுப்பினேன். எல்லோரும் மரியாதையாகவே பதில் எழுதினார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மாதிரி கையில் இருக்கிறதா? இல்லை. பிறகு அவர்களால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மாதிரி எடுப்பது சட்டப்படி எப்படி என்பதையும் இங்கே தெரிந்துகொள்வது நல்லது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் யாரும் பொறுப்போடு நடந்து போகலாம் என்ற உரிமையைத் தருகிறது. அங்குள்ளதைப் பறித்து எடுத்துவரும் உரிமையை அது தரவில்லை. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி, நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காட்டுச் செடி எதையும் வேரோடு பிடுங்குவது குற்றம். அட்டவணையில் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்ட சில இனங்களைப் பறிப்பதே குற்றம், அவற்றில் பாசிகளும் உண்டு. பாதுகாக்கப்பட்ட இயற்கைத் தளமாக இருந்தால் தனி ஒப்புதலும் வேண்டும். நான் எழுதிக் கேட்டேன். பதில் வர வாரங்கள் ஆயின. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கடிதம் கையில் இருந்ததால்தான் பின்னால் என் பதிவை எல்லோரும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள். மலைக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அங்கே கோடை குட்டையானது.

செப்டம்பர் இறுதியில் அனுமதியோடு மீண்டும் ஏறி, திட்டின் ஓரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் அளவு மட்டும் எடுத்தேன். பாசியை நெகிழிப் பையில் போடக் கூடாது என்பது எப்படியோ முன்பே காதில் விழுந்திருந்தது. ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். காகிதத்தை மடித்துச் செய்த பொட்டலமே போதும். பூச்செடியைப் போல இதை அழுத்தி வைக்க வேண்டாம், வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்க வேண்டாம், பொட்டலத்தைத் திறந்து அறைக் காற்றில் உலரவிட்டால் போதும். அப்படி உலர்ந்த பாசி நூறாண்டு கடந்தும் கெடாது. ஒரு சொட்டு நீர் பட்டால் இலைகள் பழைய வடிவத்துக்கு விரிந்துவிடும். ஆனால் பாசியைவிடப் பொட்டலத்தின் மேல் எழுதுவது முக்கியம், அதையும் மலையிலேயே எழுத வேண்டும். தேதி, உயரம், சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, கீழே இருப்பது பாறையா மண்ணா செடிகள் மட்கிச் சேர்ந்த கரிமண்ணா, அந்த இடம் நீர் கசிகிறதா வடிகிறதா, பனி எவ்வளவு காலம் தங்கக்கூடிய பள்ளமா காற்று அடித்துச் செல்லும் மேடா, கூட வளரும் செடிகள் எவை, எடுத்தவர் யார். பிரித்தானிய வரைபடக் கட்டத்தின் எண்ணை இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமுமாக எழுதினால் 10 மீட்டருக்குள் இடத்தைச் சுட்டிவிடலாம். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதியவற்றை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

பணம் போன கதை இங்கே தொடங்குகிறது. இணையத்தில் 2000 மடங்கு பெரிதாக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட நுண்ணோக்கி ஒன்றை 90 பவுண்டுக்கு வாங்கினேன். அதில் 400 மடங்குக்கு மேல் போனால் இலை ஒரு பச்சை மேகமாகத் தெரிந்தது. 400இலும் செல்லின் சுவர் எது, நிழல் எது என்று பிரிக்க முடியவில்லை. ஒளியைக் குவிக்கும் கண்டென்சரே அதில் இல்லை, வெறும் துளைத் தட்டுத்தான். விற்றவருக்கு எழுதினேன்; பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்று பதில் வந்தது. இரண்டு வாரம் கடிதப் போர் நடத்திக் களைத்து விட்டுவிட்டேன். பின்னர் தெரிந்துகொண்டது இது. பெருக்கத்தின் அளவு விற்பனைக்கான எண். லென்ஸின் மேல் 0.65 என்பது போலப் பொறித்திருக்கும் ஒளித்துளை எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 0.65 எண் கொண்ட நாற்பது மடங்கு லென்ஸ் அரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள விவரத்தைப் பிரித்துக் காட்டும். அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கி வரும் அளவுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 650 மடங்குக்கு மேல், எவ்வளவு பெரிதாக்கினாலும் புதிதாக ஒன்றும் தெரியாது, மங்கல்தான் பெரிதாகும். பாசி இலையின் செல்கள் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் அளவில் இருப்பவை, அவற்றின் மேலுள்ள புடைப்பு அதனினும் சிறியது. ஆகவே பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் கழித்துவிடும் பழைய நுண்ணோக்கி, கண்டென்சரும் நான்கு, பத்து, நாற்பது மடங்கு லென்ஸுகளும் உள்ளதாகக் கிடைத்தால், அதுவே உத்தமம். அடுத்த கோடைக்கு முன் அப்படி ஒன்றை 180 பவுண்டுக்கு வாங்கினேன். முதலிலேயே அதை வாங்கியிருந்தால் அடுத்து வரும் பத்தி எழுத வேண்டியதே இருக்காது.

பொம்மை நுண்ணோக்கியில் ஒன்றும் தெளிவாகாத நிலையில், மரபணுச் சோதனை செய்து இனத்தைச் சொல்லும் ஒரு தனியார் கூடத்துக்கு எழுதினேன். எந்தத் தாவரமானாலும் இனம் வரை சொல்வோம் என்றார்கள். கட்டணமும் அஞ்சலும் சேர்த்து 160 பவுண்டு. அவர்கள் படிவத்தில் கேட்ட எடைக்கு என்னிடம் இருந்த பாசி முழுவதையும் அனுப்ப வேண்டியிருந்தது. மீதம் திருப்பி அனுப்பப்படும் என்று எழுத்தில் இருந்தது. வாரங்கள் கழித்து ஒரு பக்க அறிக்கை வந்தது. ஆலகோம்னியம் பேரினம், இனம் தீர்மானிக்க இயலவில்லை. பேரினம் வரை எனக்கு லென்ஸிலேயே தெரிந்திருந்தது. மீதியைக் கேட்டபோது, எல்லாவற்றையும் அரைத்துவிட்டோம் என்றார்கள். அன்று மாலை நான் யாரிடமும் பேசவில்லை. 160 பவுண்டு போனது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், வெளியே முதல் பனி விழுந்துவிட்டது, இனி அடுத்த ஜூன் வரை அந்த மேட்டுக்குப் போக வழி இல்லை, கையில் ஒரு தண்டுகூட மிச்சம் இல்லை என்பதுதான்.

அந்தக் கூடத்தின் மேல் எனக்கு உள்ள கோபம் இருக்கட்டும். மரபணுச் சோதனையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. நிலத் தாவரங்களுக்குப் பொதுவான அடையாளப் பட்டையாக 2009இல் பரிந்துரைக்கப்பட்டவை ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு பசுங்கணிக மரபணுக்கள். நெருங்கிய உறவுள்ள பாசி இனங்களில் இவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கக்கூடும். மேட்கே பாசிகளில் பல நேரம் படியெடுக்கவே வராது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தொகுப்பில் உங்கள் இனத்தின் சரியான மாதிரி இல்லாவிட்டால் கருவி எதைத்தான் சொல்லும்? போதாததற்குப் பாசியின் மயிரிழைகளுக்கு இடையே நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிரும் பூஞ்சையும் வேறு பாசியின் துணுக்கும் ஒளிந்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன் எந்த மரபணுப் பகுதியைப் படிப்பார்கள், நீங்கள் சந்தேகிக்கும் இரண்டு இனங்களும் அந்தப் பகுதியில் வேறுபடுகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். அனுப்புவதாக இருந்தாலும் நான்கைந்து தண்டு நுனிகளுக்கு மேல் அனுப்பாதீர்கள். அதற்கு மேல் கேட்கிறவர்களுக்குப் பாசியோடு பழக்கம் இல்லை என்று பொருள்.

குளிர்காலம் முழுக்கச் சும்மா இருக்க முடியவில்லை. எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவின் உலர் தாவரத் தொகுப்பில் சுமார் முப்பது லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. முன்கூட்டி எழுதி நேரம் வாங்கினால் என்னைப் போன்ற வெளியாட்களும் உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை. இரண்டு இனங்களின் பொட்டலங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்த ஒரு பகலில், படங்களைப் பார்த்துக் கழித்த மாதங்களில் விளங்காதது விளங்கியது. சாதாரண பலுஸ்ட்ரே உலரும்போது இலைகள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும், தண்டு இளைத்துப் போகும், தண்டின் கீழ்ப்பகுதி செம்பழுப்பு வேரிழைகளால் கம்பளி கட்டியதுபோல் மூடியிருக்கும். டர்ஜிடம் உலர்ந்தாலும் அப்படியே புடைத்து நிற்கிறது, வேரிழை மிகக் குறைவு. இம்பிரிகேட்டம் வடிவத்தின் பொட்டலம் இரண்டுக்கும் நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. அங்கே எனக்கு உதவிய பெண்மணி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "இலையின் நுனியைப் பார்த்தது போதும், இனி அடியைப் பாருங்கள்."

ஜூலை தொடக்கத்தில், புதுப்பித்த அனுமதியோடு மீண்டும் ஏறினேன். திட்டு இருந்தது. இம்முறை பத்துப் பன்னிரண்டு தண்டுகள் மட்டும் எடுத்து, அங்கேயே இரண்டு பொட்டலங்களாகப் பிரித்தேன். ஒன்று வெட்டிப் பார்க்க, மற்றது எக்காரணம் கொண்டும் தொடாமல் வைத்திருக்க. நுண்ணோக்கி வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புத்தகங்கள் "இலையின் அடிச் செல்களைக் காண்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன; இலையை அடியோடு கழற்றுவதற்குள் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்டைச் சில நிமிடம் நீரில் ஊறவிட வேண்டும். ஒரு கூர்முனை இடுக்கியால் தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் இலைகளை மேலிருந்து கீழ்நோக்கி வழித்தால் அவை அடிப்பகுதியோடு கழன்று வரும். இலையைப் பிடித்து இழுத்தால் நடுவில் கிழியும், நீங்கள் பார்க்க வேண்டிய பகுதி தண்டிலேயே தங்கிவிடும். குறுக்குவெட்டுக்குப் புதிய சவர பிளேடு வேண்டும், ஒருமுறை பயன்படுத்தியது உதவாது. கண்ணாடித் தகட்டின் மேல் ஈரத் தண்டை இலைகளோடு கிடத்தி, விரல் நுனியால் அழுத்தி, நகத்தை ஒட்டிக் கீரைத்தண்டு அரிவதுபோல் விடாமல் அரிந்துகொண்டே போக வேண்டும். நூறு துண்டில் இரண்டோ மூன்றோ கண்ணாடிபோல் மெல்லியதாக விழும், அவை போதும்.

என் பாசியின் இலை விளிம்பு நுனி வரை பற்களற்று இருந்தது. மேற்பகுதியின் செல்கள் சிறியவை, சுவர்கள் தடித்தவை, ஒவ்வொரு செல்லின் முகப்பிலும் ஒற்றைப் புடைப்பு. இது இரண்டு இனத்துக்கும் பொது. தீர்ப்பு அடிப்பகுதியில் இருந்தது. பலுஸ்ட்ரேயில் இலை தண்டோடு சேரும் இடத்தில் செல்கள் உப்பிப் பெருத்து, பழுப்பேறி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக நிற்கும். ஒப்பிடுவதற்காகச் சதுப்பிலிருந்து கொண்டுவந்து வெட்டிய பலுஸ்ட்ரேயில் அந்த இரட்டை அடுக்கு பழுப்பு வரியாகப் பளிச்சென்று தெரிந்தது. மலையின் பொட்டலத்தில் அது இல்லை. அடி வரைக்கும் ஒரே அடுக்கு, நிறமும் பெரிதாக மாறவில்லை. வேறு ஒரு தண்டிலிருந்து இன்னொரு இலை, அதிலும் அப்படியே. ஒரு இலையைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். குறைந்தது மூன்று தண்டுகளின் முதிர்ந்த, நடுப்பகுதி இலைகளைப் பாருங்கள், நுனி இலைகள் இளசாக இருக்கும். பலுஸ்ட்ரேயின் தண்டு நுனியில் அடிக்கடி எழும் காம்பும் அதில் குவியும் ஜெம்மா என்னும் இனப்பெருக்கத் துணுக்குகளும் இதில் எங்கும் இல்லை. இல்லாததைச் சான்றாகக் காட்டுவது பலவீனம்தான், ஆனாலும் குறிப்பில் எழுதி வைத்தேன். பார்த்த ஒவ்வொன்றையும் அளவுகோல் பொருத்திய கண்ணருகு லென்ஸால் அளந்து, கைப்பேசியால் படமெடுத்து, பொட்டலத்தின் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

பிறகு செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்கலாம் என்று பலர் சொல்வார்கள்; ஆனால் கையில் மாதிரியும் வரைபட எண்ணும் இல்லாமல் போயிருந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. 1896இல் பாசிப் பரிமாற்றக் கழகமாகத் தொடங்கி 1923இல் பிரித்தானியப் பாசித் தாவரவியல் சங்கமாகப் பெயர் மாறிய அமைப்பு இங்கே உண்டு. வாட்சன் என்ற தாவரவியலாளர் 1852இல் பிரித்தானியாவை 112 துணை மாவட்டங்களாகப் பிரித்தார். நிர்வாக எல்லைகள் எத்தனை முறை மாறினாலும் தாவரப் பதிவுகள் இன்றும் அந்தப் பழைய எல்லைப்படியே நடக்கின்றன. ஒவ்வொரு துணை மாவட்டப் பகுதிக்கும் ஊதியமில்லாமல் பணிசெய்யும் பதிவாளர் ஒருவர் இருப்பார். எங்கள் பகுதிப் பதிவாளருக்குத் தொடாத பொட்டலத்தையும் என் குறிப்புகளையும் அனுப்பினேன். என் முடிவு இன்னது என்று மட்டும் எழுதாமல், பலுஸ்ட்ரே இல்லை என்று நான் கருதுவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எழுதினேன். அப்படி எழுதியதால்தான் அவர் விரைவாகப் பார்த்தார் என்று பின்னர் சொன்னார். பெயரை மட்டும் எழுதி வரும் பொட்டலங்கள் அவர் மேசையில் மாதக்கணக்கில் காத்திருக்குமாம். அவர் தாமே வெட்டிப் பார்த்து டர்ஜிடம் என்று உறுதி செய்தார். ஒரு துணை மாவட்டத்துக்குப் புதிதான பதிவாக இருந்தால் மாதிரி இல்லாமல் ஏற்கவே மாட்டார்கள். அந்த மாதிரிகள் கார்டிஃபில் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள சங்கத்தின் தொகுப்புக்குப் போய்ச் சேரும், நாளை வேறொருவர் ஐயப்பட்டால் எடுத்துப் பார்க்கலாம்.

இடத்தைச் சொல்ல மறுத்ததற்குக் காரணமும் அந்தப் பதிவாளரே. உள்ளங்கை அளவுத் திட்டைப் பத்துப்பேர் வந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்தால் முடிந்தது. இந்தப் பாசியில் வித்துப்பை தோன்றுவது அரிது. உடைந்த துண்டுகள் மறுபடி வளர்வதை எல்ஸ்மியர் காட்டுகிறது என்றாலும், பறித்துக்கொண்டு போன துண்டு மலையில் வளரப்போவதில்லை. பொதுவில் வெளியிடும்போது 10 கிலோமீட்டர் கட்டத்துக்கு மேல் துல்லியம் வேண்டாம். துல்லியமான எண் பதிவாளரிடமும் நில நிர்வாகியிடமும் இருந்தால் போதும். செயலிகளில் இடத்தை மறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று படம் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவாளரோடு பின்னர் ஒரு நாள் மலைக்குப் போனபோது, கோடையிலும் பனி வெகுநாள் தங்கும் பள்ளம் ஒன்றின் ஓரத்தில் வேறொரு பாடம் நடந்தது. அங்கே வளர்வது பாலிட்ரைகாஸ்ட்ரம் செக்ஸாங்குலாரே. அதற்கும் மலிந்து கிடக்கும் ஓர் உறவு உண்டு, பாலிட்ரைகாஸ்ட்ரம் அல்பைனம். இரண்டின் இலை மேலும் பசுந்தகடுகள் வரிசையாக நிற்கும். குறுக்குவெட்டில் அந்தத் தகடுகளின் உச்சிச் செல்லில் சொரசொரப்பான புடைப்புகள் இருந்தால் அல்பைனம். வழவழப்பாக இருந்து, இலை விளிம்பும் பற்களற்று உள்வளைந்திருந்தால் செக்ஸாங்குலாரே. இதை அறிந்தவர்களுக்குக் கையில் லென்ஸே போதுமாயிருக்கிறது, எனக்குப் பிளேடு வேண்டும். பனிப்பள்ளப் பாசிகளை நாடுகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம் என்றார் அவர். ஸ்காட்லாந்திலேயே அதிக காலம் நீடிக்கும் பனித்திட்டு, பிரேரியாக் மலையில் இருப்பது, 1933இல் உருகிய பின் 1959 வரை ஒருமுறைகூட முற்றிலும் மறையவில்லை. 2017, 2018, 2021 என்று இப்போது அடுத்தடுத்து மறைகிறது. பனி தங்கும் பள்ளத்தில் மட்டும் போட்டியின்றி வாழப் பழகிய பாசிகளுக்கு இது நல்ல செய்தியன்று.

கணக்கை முடித்துவிடுகிறேன். பயன்பட்டவை: 20 பவுண்டுக்கு வாங்கிய கைலென்ஸ், 180 பவுண்டுக்கு வாங்கிய பழைய நுண்ணோக்கி, இவற்றோடு ஒரு சோடி நல்ல இடுக்கி, ஒரு பெட்டி பிளேடு, பழைய காகிதம். சங்கத்தின் கள நடைகளில் கலந்துகொண்டால் லென்ஸைப் பிடிப்பது எப்படி என்பதிலிருந்து கற்றுத் தருவார்கள், அதற்கு எதையும் வாங்கத் தேவையில்லை. தனியே மேட்டுச் சமவெளிக்குப் போகிறவர்கள் வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். குனிந்து பாசி பார்க்கும் அரைமணி நேரத்தில் மேகம் இறங்கி, வந்த வழியே தெரியாமல் போவது அங்கே சாதாரணம். பொம்மை நுண்ணோக்கியைப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் அதில் எறும்பின் காலையும் சர்க்கரைப் பரலையும் பார்க்கிறான். அதற்கு அது தாராளமாகப் போதும்.